பச்சைப் பொட்டு

28 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் பறந்து போய் ஓனர் வீட்டு முருங்கை மேல். ஷிப்ட் முடிந்து வந்ததும் குச்சியை வைத்து அதை இறக்கியதுதான் முதல் வேலை. இரண்டாவது வேலை, கம்ப்யூட்டர்.

நேற்று தங்கை ரம்யாவும் நானும் ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிய சாமான்கள். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மாட்டினோம். கம்பெனி லைனில் வேலை போனதிலிருந்து அவளுக்கு இந்தக் கம்ப்யூட்டர் டிசைன் கோர்ஸ்தான் எல்லாம். இனி நாளெல்லாம் இதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். நான் ஷிப்டில் இருக்கும் நேரமெல்லாம் தனியாக.

சாமி கும்பிட்டு சுவிட்சை அழுத்தினாள். ஒன்றுமில்லை. ஃபேன் இல்லை, லைட் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை.

ரம்யாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஓடாத மெஷின் ஷாக் அடிக்காதே. இதை அவளிடம் சொன்னால் கொன்றுவிடுவாள்.

கார் முழுக்க ஓடும் ஒயர்க் கட்டு இருக்கிறதே, அதைச் செய்யும் கம்பெனியில் ஏழாவது வருஷம் எனக்கு. தொடாத ஒயர் நிறம் இல்லை. ஆனால் அங்கே எந்த ஒயரிலும் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடும் ஒயர் என்றால் எனக்குப் பயம். வாலாஜாபாத்தில் சின்ன வயசில் கம்பத்துக் கம்பியை உரசிய கன்றுக்குட்டி விழுந்ததைப் பார்த்ததிலிருந்தே இப்படித்தான்.

வாங்க: புளி, டெஸ்டர், ரம்யாவுக்கு ரப்பர் செருப்பு.

29 ஜூலை, செவ்வாய்

ரம்யா நாளெல்லாம் நோண்டியிருக்கிறாள். நான் வரும்போது தலையெல்லாம் கலைந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு.

பார்த்தவை:
பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறது. சார்ஜர் போட்டுப் பார்த்தாள்.
பெரிய கனெக்டர், மதர்போர்டின் ஓரத்தில். சரி.
முன்பக்க சுவிட்சின் மெல்லிய ஒயர்கள். ஒன்று இடம் மாறியிருந்தது, மாற்றிவிட்டாள்.
இன்னும் ஓடவில்லை.

கடைசியில் பார்த்தால், கரண்ட் வாங்கிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் முதுகிலேயே ஒரு சுவிட்ச். அணைந்திருக்கிறது! இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். போட்டதும் ஃபேன் சுற்றியது. ஆனால் திரை கறுப்பு.

மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக ஒரு கரண்ட் கனெக்டர் இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அதற்கான ஒயர் கேபினட் பெட்டியின் பின்னால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பிடுங்கியதை நானே பார்த்து, அப்புறம்தான் கையை விட்டேன். சொருகு, கேள், இழு. கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த மந்திரம். சொருகினேன், 'டிக்' கேட்டது, இழுத்தேன், வரவில்லை.

திரையில் எழுத்து வந்தது. ரம்யா விசில் அடித்தாள். அப்படியே சந்தோஷத்தில் கேபினட்டைத் தட்டிக்கொடுத்தவள் கையை உதறினாள்.

"அக்கா, சுர்ருங்குது."

"எது?"

"பொட்டிதான். லேசா எறும்பு ஊர்றா மாரி கீது. நல்லாத்தான் கீது, தொட்டுப் பாரு."

தொடவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

30 ஜூலை, புதன்

டெஸ்டரை கேபினட்டில் வைத்தேன். மினுக் மினுக்கென்று எரிகிறது. இரும்புப் பெட்டியில் எப்படிக் கரண்ட்? எங்கேயோ நான்தான் தப்பாக மாட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம். மறுபடி மினுக்.

செருப்பு போட்டால் சுர்ரென்று இல்லை. வெறுங்காலில் இருக்கிறது. ரம்யா வெறுங்காலை கேபினட் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு படிக்கிற ஜாதி.

வீடியோக்காரர் சொன்னார்: வீட்டில் எர்த் இல்லையென்றால் இப்படித்தான் வரும். படப்பையில் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வந்து பார்த்தேன். எங்கள் பிளக் பாயிண்டின் மேல் ஓட்டை, எர்த் ஓட்டை, எதோடும் சேரவில்லை. சேர்ந்திருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். பீப் இல்லை. ஓட்டை மட்டும்தான், பின்னால் ஒன்றுமில்லை.

சுவரில் ஒட்டிவிட்டேன்:
செருப்பில்லாமல் உட்காராதே.
ஈரக் கையோடு வராதே.
கரண்ட் இல்லாதபோது மட்டும் மூடியைத் திற. அப்போதும் சுவிட்சை அணைத்துவிட்டு.

"ஆஸ்பத்திரி மாரி போர்டு வெச்சிகீற" என்கிறாள்.

ஷிப்டில் இன்று கவனமே இல்லை. பன்னிரண்டரைக்கு அவள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பாள், ஈரக்கை, ஈரக்கை என்று அதே நினைப்பு. டீ பிரேக்கில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக் கூப்பிட்டேன். "உயிரோடத்தான் கீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

31 ஜூலை, வியாழன்

ஓனர் ஏகாம்பரத்திடம் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எர்த்து வோணும்னா கொல்லையில குழி வெட்டணும்மா. கரி, உப்பு கொட்டி பைப்பு எறக்கணும். ஆடியில மண்ணத் தோண்டுவாங்களா யாராவது? மருமவளுக்கு மாசம் நெறைஞ்சி கீது. ஆவணி பொறக்கட்டும்."

"தங்கச்சி நாள் பூரா அது எதிர்லதான் உக்காந்துகினு இருக்கா அண்ணா."

"இத்தினி வருசமா இந்த லைன் வூட்ல எத்தினி பேரு இருந்தாங்க, யாருக்கு இன்னா ஆச்சி?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மருமகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதையும் பார்த்தேன். அவருக்கும் பயம். என் பயம் பிளக் பாயிண்டில், அவர் பயம் மண்ணில்.

கடைசியில், "குழி இல்லாம எதுனா பண்ண முடியுமான்னு ஒயர்மேனக் கேக்கறேன்" என்றார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியலிலேயே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ரூம் செல்வராணி கூழ் கொண்டுவந்து தந்தாள்.

நான் வந்த பிறகுதான் ஒயர்மேன் வந்தார். நல்லவேளை. பிளக் பாயிண்டைக் கழற்றி உள்ளே என்னமோ செய்து, நான் டீ போட்டு முடிப்பதற்குள் மூடிவிட்டார்.

"குழி இல்லாம எர்த் எங்கேர்ந்து அண்ணா வருது?"

"அதெல்லாம் மெயின்ல கீதும்மா. நீதான் மீட்டரு வெச்சிகினு கீறியே, வெச்சிப் பாரு. பீப் வரும்."

எர்த் ஓட்டையில் ஒரு முனை, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஓட்டையில் ஒரு முனை. பீப்! நீளமாக, தெளிவாக. கேபினட்டில் டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. ரம்யா வெறுங்காலோடு பெட்டியைக் கட்டிப்பிடித்தாள். ஒன்றுமில்லை.

மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் கம்பெனி ஸ்டிக்கர் கொஞ்சம் இருக்கும், பச்சைப் பொட்டு. ஒயர்க் கட்டை மாட்டிச் சோதிக்கும் போர்டில் பீப் வந்தால் கட்டின் மேல் அதை ஒட்டி அடுத்த ஆளுக்குத் தள்ளுவேன். என் பொட்டு இருந்தால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒன்றை எடுத்து எங்கள் பிளக் பாயிண்டில் ஒட்டினேன்.

"பாஸ்" என்றாள் ரம்யா.

2 ஆகஸ்ட், சனி

செய்தி எங்கள் லைன் வீட்டின் மூன்று ரூமுக்கும் பரவிவிட்டது. செல்வராணி தூத்துக்குடிப் பக்கம், டயர் கம்பெனியில் வீட்டுக்காரர். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"யக்கா, எங்க கிரைண்டரும் தொட்டா கிர்ருங்கு. நான் என் ஒடம்புதான் சரியில்லன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன். எங்களுக்கும் அத போட்டுத் தரச் சொல்லுங்க."

கடைசி ரூம் ஒடிசாப் பையன் விகாஷும் வந்தான். "அக்கா, நம்ம ரூம் கூட. அயர்ன் பாக்ஸ் அடிக்குது அக்கா."

ஒயர்மேன் அந்த இரண்டு ரூமுக்கும் போட்டார். பின்னாலேயே நான், மஞ்சள் மீட்டரோடு. ஒவ்வொரு ரூமிலும் பீப். ஒவ்வொன்றிலும் பொட்டு.

செல்வராணி, "நீங்க பாத்துட்டீகன்னா சரிதான், கவலையில்ல" என்றாள். அது ரொம்பப் பிடித்திருந்தது எனக்கு. எழுதி வைக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். மத்தி மீன் குழம்பு. ரம்யா வரைந்த முதல் படத்தைக் காட்டினாள், கதவு ஒயர்க் கட்டு. நான் செய்வதேதான், ஆனால் படமாக. பெருமையாக இருந்தது. முன்பக்க சுவிட்ச் மட்டும் சில நேரம் அழுத்தினால் எடுப்பதில்லையாம். ஒயர் லூசாக இருக்கும். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்து சரிசெய் என்றேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் காற்றும் மழையும். கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி முனையில் இறக்கிவிட்டபோது தூறல். லைன் வீடு மொத்தமும் இருட்டு. ஓனர் வீட்டில் லைட் எரிகிறது, தெருவில் எரிகிறது, எங்கள் வரிசையில் மட்டும் இல்லை.

உள்ளே போனேன். ரம்யா போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கேபினட் முன்னால் குத்துக்காலிட்டிருந்தாள். ஒரு கையில் டிரைவர். இன்னொரு கை பெட்டியின் மூடியைப் பிடிக்கப் போகிறது.

"இரு."

டார்ச்சை எடுத்துவிட்டு, "கரண்ட்டே இல்லக்கா. நீ சொன்னா மாரிதான், கரண்ட் இல்லாதப்போ தொறக்கறேன். சுவிட்ச்சும் ஆஃப் பண்ட்டேன், பாரு" என்றாள்.

பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கைத்தான் பிடுங்கவில்லை. பிடுங்கு என்று நான் எழுதி ஒட்டவும் இல்லை.

ஏனென்று தெரியாது, பயந்தவள் புத்தி, டெஸ்டரை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். மினுக் மினுக் இல்லை. பளிச்சென்று எரிந்தது. இருட்டு ரூமில் அந்தச் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் ஒன்றுதான் வெளிச்சம்.

"கைய எடு. எழுந்துரு. எதையும் தொடாத."

என் குரல் அப்படியிருந்ததால் அவள் வாதாடவில்லை. பிளக் பாயிண்டில் வைத்தேன். இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. எர்த் ஓட்டையிலும் எரிகிறது. அதன் பக்கத்தில் என் பச்சைப் பொட்டு.

அப்போதுதான் மற்ற ரூம்கள் ஞாபகம் வந்தன. செல்வராணி செவ்வாய்க்கிழமைதான் மாவு அரைப்பாள். வாசலுக்கு ஓடினேன். வாசலைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் 'தொம்'மென்று சத்தம், பாத்திரம் உருளும் சத்தம்.

சுவரோரம் செல்வராணி விழுந்து கிடந்தாள். கை முழங்கை வரை மாவு. கரண்ட் போனதும் கிரைண்டரைச் சாய்த்து மாவை வழித்திருக்கிறாள். நல்லவேளை இழுத்துப் பிடிக்கவில்லை, தூக்கி எறிந்துவிட்டது. வெளியே மெயினுக்கு ஓடி, அங்கேயிருந்த மரப்பலகை மேல் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். நானா செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

படப்பை ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றுமில்லை. விரலில் தீய்ந்த காயம், தோள் வரை மரத்துப்போயிருக்கிறது. ஆட்டோவில் திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, நீங்க பாத்துத்தான ஒட்டுனீக?"

திட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, மெயின் இறங்கித்தான் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்து, பிளக் பாயிண்டைக் கழற்றினேன். உள்ளே எர்த் ஒயரே கிடையாது. நியூட்ரல் முனையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர், வளைத்து, எர்த் முனையில் முடுக்கியிருக்கிறது. கம்பெனியில் இதற்கு ஜம்பர் என்று பெயர். தினமும் போடுகிறேன்.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை பெட்டியும் சாதுவாக இருக்கும். காற்றிலோ மழையிலோ மெயினில் நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேன் வழியாக, லைட் வழியாகப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் அந்தத் துண்டு ஒயர் வழியாக நேராகப் பெட்டிக்கு வரும். முழுக் கரண்ட். சுவிட்சை அணைத்தாலும் வரும். லைட் எரியாது, ஃபேன் ஓடாது, கரண்ட் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொடுவார்கள்.

நான் ஒரு முனையை எர்த்திலும் ஒரு முனையை நியூட்ரலிலும் வைத்தேனே, அந்தத் துண்டு ஒயரைத்தான் அளந்திருக்கிறேன். பீப் வராமல் என்ன செய்யும்? பழைய எறும்பு ஊர்கிற ஷாக்கை எடுத்துவிட்டு, ஆளைக் கொல்கிற ஒன்றை வைத்து, அதன் மேல் பொட்டும் ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் ரூமிலும் செல்வராணி ரூமிலும் துண்டு ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். விகாஷ் ரூம் பூட்டு. டபுள் ஷிப்டாம்.

ரம்யா செருப்பு போட்டிருந்தாள். அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அவள் செருப்பு போட்டிருந்தாள்.

6 ஆகஸ்ட், புதன்

லீவு கேட்டேன், தரவில்லை. மெயினைப் போடவிடாதே என்று ரம்யாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் எங்கள் வரிசையில் மறுபடி லைட்டு. ஒயர்மேன் காலையிலேயே வந்து மெயினில் கழன்றிருந்த நியூட்ரலை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"அதோட நம்ம ரூமையும் பாத்துட்டுப் போனாருக்கா. எர்த்து அவுந்து கீதுன்னு திருப்பி மாட்டினாரு. வோணாம்னு சொன்னேன். ஓனர் சொன்னாருன்னாரு" என்றாள் ரம்யா.

கழற்றிப் பார்த்தேன். புதுத் துண்டு ஒயர். முந்தினதைவிடத் தடிமனாக. செல்வராணி ரூமிலும்.

ஓனரிடம் போனேன்.

"அதான் சரியாப் பூட்சே. லூசு கனெக்‌ஷன். முடுக்கியாச்சி."

"மறுபடி லூசாச்சுன்னா அண்ணா? அடுத்த காத்துல?"

"நீ பாத்து ஓகே சொன்ன வேலதானம்மா அது? நீ ஒட்டுன பச்சதான இன்னும் கீது?"

அதை விட்டுவிட்டு, வந்த விஷயத்தைக் கேட்டேன்.

"அந்தத் துண்டக் கழட்டிடுங்க. சுர்ருன்னு இருந்தா இருக்கட்டும், செருப்பு போட்டுக்கறோம். ஆவணியில குழி வெட்டிக்கலாம். அது வரைக்கும்."

"சுர்ருங்குதுன்னு வந்ததும் நீதான். இப்போ வோணாங்கறதும் நீதான். புடிக்கலன்னா வேற வூடு பாத்துக்கோ." அப்புறம் கொஞ்சம் இறங்கி, "மருமவ இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறா. இந்த நேரத்துல என்னப் பயமுறுத்தாதம்மா" என்றார்.

பொட்டுகளை உரித்தேன். எங்களுடையது, செல்வராணியுடையது. நன்றாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. விகாஷ் ரூம் இன்றும் பூட்டு, உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறது. காலையில் வருவான், குளிப்பான், ஈரத்தோடு சட்டையை அயர்ன் பண்ணுவான். பொட்டைப் பார்த்துத் தைரியமாக.

நான் கழற்றுவதை எல்லாம் நான் ஷிப்டுக்குப் போனதும் யாராவது மாட்டிவிடுவார்கள். அதுதான் இப்போது பயம்.

காற்று மறுபடி எடுத்திருக்கிறது. தகரம் அடித்துக்கொள்கிறது.

7 ஆகஸ்ட், வியாழன்

கேன்டீனில் எழுதுகிறேன். டீ ஆறிவிட்டது.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் மெயினை இறக்கி, அதிலிருந்த ஃபியூஸை, பீஸ் கட்டை இரண்டையும் உருவி, டிபன் பையில் போட்டுக்கொண்டேன். கட்டை இல்லாமல் யார் மெயினைத் தூக்கினாலும் ஒன்றும் வராது. செல்வராணி கையில் ஆஸ்பத்திரிக் கட்டோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போங்க யக்கா. கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதேன்."

கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். தயிர் சாதம், அதன் மேல் பீஸ் கட்டை.

"இன்னாமா இது?"

"எங்க வூட்டு பீஸ் கட்டை சார்."

"யாருனா கட்டைய வேலைக்கு இட்டுகினு வருவாங்களா?" சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். போனில் ஓனரின் மிஸ்டு கால்கள். போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனேன்.

முதல் ஒயர்க் கட்டு வந்தது. போர்டில் மாட்டினேன். பீப். பச்சை எரிந்தது. பொட்டை உரித்து விரல் நுனியில் எடுத்தேன், கை போகவில்லை. பீப் என்றால் இந்த முனையும் அந்த முனையும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சேரக்கூடாதது சேர்ந்தாலும் அதே சத்தம்தான். இந்த போர்டு அதையும் பார்க்கும், எனக்குத் தெரியும், ஏழு வருஷமாகத் தெரியும். கழற்றி, மறுபடி மாட்டினேன். மறுபடி பீப்.

லைன் லீடர் வந்து நின்றார். "இன்னா சுமதி, பீப் வந்துச்சி இல்ல? ஒட்டு. பின்னால நிக்குது பாரு."

ஒட்டினேன். டீ பிரேக் வரை ஒட்டினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மாட்டிப் பார்த்த பிறகு.

இப்போதுதான் ரம்யாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஓனர் படப்பையிலேர்ந்து புதுக் கட்ட வாங்கினு வந்துட்டாரு. ஒயர்மேன் போட வந்துகினு கீறாரு. விகாஷும் வந்துட்டான், அவங்கிட்ட சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறான். பச்ச கீதேங்கறான். நானும் ராணிக்காவும் மெயின் எதிர்ல சேர் போட்டு உக்காந்துகினு கீறோம். எங்களத் தாண்டிப் போட்டுருவாங்களா?"

எதற்கும் பயப்படாத பெண். பின்னால் யாரோ கத்துகிறார்கள், ஓனராகத்தான் இருக்கும். "வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அங்கே தரையெல்லாம் ராத்திரி பெய்த மழை ஈரம். செருப்பு போட்டிருக்கிறாளா என்று கேட்க மறந்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. பிரேக் முடியும் பெல் அடிக்கிறது, போனை லாக்கரில் வைக்க வேண்டும்.